தூசு விழுந்த நேரம்

மாலை ஐந்தே கால். பாதிக் கூரை பிரிக்கப்பட்ட அந்த வீட்டிலிருந்து ஓர் அலறல் கிளம்பியது. தடுக்க மேலே ஓடு இல்லாததால் தெருக்கோடி வரை தெளிவாகவே கேட்டது.

அலறியவர் வீட்டம்மா. பூட்டியிருந்த தன் அறையைத் திறந்து உள்ளே போனவர் அப்படியே நின்றுவிட்டார். அறையின் நடுவில் கட்டிலும் மேஜையும் மரப்பெட்டகமும் ஒன்றோடொன்று நெருக்கிக் குவிக்கப்பட்டிருந்தன. கூரை வேலைக்காகப் பெட்டகத்தைச் சுற்றிக் கட்டிய பிளாஸ்டிக் தாள் மூன்று பக்கமும் அறுக்கப்பட்டிருந்தது. மூடி பின்னால் சாய்ந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. துணிகளுக்கு மேலே இருந்த நகைப்பெட்டியைக் காணோம். அதிலிருந்த வைர நெக்லஸ் அவருடைய கணவர் வாங்கித் தந்தது. கணவர் இப்போது இல்லை.

ஆறு மணிக்குப் போலீஸ் வந்தது. வந்தவர் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். வாசலில் கால் வைத்ததுமே அவருக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது. ஸ்டேஷனில் அவருக்குத் 'தும்மல் மேடம்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. பின்னால் வந்த ஏட்டு கைக்குட்டையை நீட்டினார். அது அவருடைய அன்றாட அலுவல்களில் ஒன்று.

"இதுல துப்பறிய என்ன மேடம் இருக்கு?" என்று ஆரம்பித்தார் பெரிய மகன். "ரூம் பூட்டியிருந்தது. ஜன்னல்ல கம்பி. சாவி ஒண்ணே ஒண்ணு. அது யார்கிட்ட இருந்ததுன்னு கேளுங்க."

"யார்கிட்ட?"

அவர் சுவரோரம் பார்த்தார். அங்கே சின்ன மருமகள் நின்றுகொண்டிருந்தாள். காலமாகிவிட்ட இளைய மகனின் மனைவி. வங்கியில் லாக்கர் அறைக்குப் பொறுப்பு அவள்தான். ஊரார் நகையையெல்லாம் நம்பி ஒப்படைத்திருக்கும் இடம். திருட்டு என்று ஒரு சொல் அங்கே போய்ச் சேர்ந்தால் போதும், மறுநாள் அவளுக்கு அந்த நாற்காலி இருக்காது.

இந்த வீட்டிலும் இருப்பாளா என்பது சந்தேகம்தான். "இத்தனை வருஷம் உன்னைப் பெத்த மகளாட்டம் வெச்சிருந்தேன்," என்று வீட்டம்மா விம்மினார். "நகைய வெச்சுட்டு நாளைக்கே கிளம்பிடு. கேஸ் வேண்டாம்னு நானே சொல்லிடறேன்."

"நான் எடுக்கல அத்தை."

"சாவி உங்கிட்டதானே இருந்தது!"

"இருந்தது. ஆனா நான் எடுக்கல."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. பேசாதவர்கள் மேல் எல்லோருக்கும் சந்தேகம் வருவது வழக்கம். ஏட்டுக்கும் வந்தது.

இன்ஸ்பெக்டர் வீட்டைச் சுற்றி வந்தார். கூரை மாற்றுவது என்றால் வீட்டுக்குள் குடித்தனத்தையே சுருட்டி வைக்க வேண்டும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. சுத்தியல் அதிர்ச்சியில் விழுந்துவிடும் என்று சுவரிலிருந்த படங்களெல்லாம் இறக்கப்பட்டிருந்தன. மின்விசிறி இறக்கைகளைத் துணியால் சுற்றியிருந்தார்கள். பரணில் பரம்பரையாகக் கிடந்த டிரங்குப் பெட்டிகள் கார் ஷெட்டில் அடுக்கப்பட்டிருந்தன. செடிகளுக்குக்கூடச் சாக்கு போர்த்தியாயிற்று.

"இவ்வளவும் யார் செஞ்சது?"

"சின்னவங்கதான்," என்றார் கூரை மேஸ்திரி. "ஒரு வாரமா லீவு போட்டுட்டு ஒத்தையாளா செஞ்சாங்க. பரணைக் காலி பண்ண மட்டும் எங்க ஆளுங்க ரெண்டு பேர் வந்தாங்க."

"பெரியவர்?"

மேஸ்திரி கனைத்துக்கொண்டார். "மேற்பார்வை பார்த்தார். தூசு ஒத்துக்காதுன்னு வெளியில நாற்காலி போட்டு."

சின்னவளின் விசாரணை கூடத்தில் நடந்தது.

"காலையில எப்ப கிளம்பினீங்க?"

"எட்டு மணிக்கு. அத்தை ரூமைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் அத்தையோட தங்கச்சி வீட்டுக்குப் போனோம். இதே தெருதான்."

"பூட்டறப்ப நகை இருந்ததா?"

"அத்தைதான் பார்த்தாங்க. அவங்க முன்னாடிதான் தாளைக் கட்டினேன்."

"அப்புறம் இந்தப் பக்கமே வரலியா?"

அவள் தயங்கினாள். "மத்தியானம் வந்தேன். ஒரு உத்தரம் உளுத்திருக்கு, வந்து பாருங்கன்னு மேஸ்திரி போன் பண்ணார். பார்த்துட்டுக் கிளம்பினேன்."

"தனியாவா?"

"ஆமா."

"சாவியோட?"

"ஆமா."

பெரிய மகன் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலில் நிறைய அர்த்தம் இருந்தது.

"நீங்க?" என்று இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"நானா? இவங்க போனதும் நிதானமா ஷவர்ல ஒரு குளியல் போட்டுட்டு, ஒன்பதுக்கு முன்னாடியே ஆபீசுக்குக் கிளம்பிட்டேன். சாயங்காலம் வரைக்கும் அங்கதான். நூறு பேர் சாட்சி சொல்லுவாங்க."

"நூறு பேர் வேண்டாம்," என்றார் இன்ஸ்பெக்டர், தும்மிக்கொண்டே. "கூரை போட்டு முடிச்சதும் வீடு யாருக்கு?"

"அம்மாவுக்குத்தான். வித்துட்டு ஃபிளாட்டுக்குப் போகலாம்னு நான் சொல்லிப் பார்த்தேன். சின்னவளுக்குப் போக்கிடம் இல்ல, விக்க மாட்டேன்னு ஒரே பிடியா நின்னாங்க. இப்ப பாருங்க, வேலியே பயிரை மேஞ்ச கதையா ஆயிடுச்சு."

அறைக்குள் மறுபடி நுழைந்த இன்ஸ்பெக்டர் தரையைப் பார்த்து முகம் சுளித்தார். செந்தூசு படிந்த தரையை வீட்டார் எல்லோரும் ஓடி வந்து மிதித்துத் துவைத்திருந்தார்கள். கால்தடம் என்று தேட இனி ஒன்றுமில்லை. பெட்டகத்துக்குள் குனிந்தார். மேலாக இருந்த வெள்ளைப் பட்டுத் துணியின் மேல் விரலை வைத்து இழுத்தார். விரல் சிவந்தது. துணியில் வெள்ளைக் கோடு விழுந்தது. அந்தக் கோட்டை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தும்மினார்.

"மேஸ்திரி, இந்த ரூமுக்கு மேல எப்ப கை வெச்சீங்க?"

"முதல்ல இங்கதாங்க. ஒன்பதுக்கு ஏறினோம். பதினொண்ணுக்கெல்லாம் இந்தப் பக்கம் ஓடு மொத்தமும் பிரிச்சாச்சு. அப்புறம் பின்பக்கம் போயிட்டோம்."

"அதுக்கப்புறம் இங்க தூசு விழுமா?"

"எப்படிங்க விழும்? ஓடு உடையறப்பதான் பலகை இடுக்கு வழியா கொட்டும். அதுக்கப்புறம் இந்தப் பக்கம் யாரும் வரல."

"ஒன்பதுக்கு முன்னாடி உங்க ஆளுங்க எங்க இருந்தாங்க?"

"கேட்டுக்கு வெளியில. லாரியில இருந்து ஏணியும் கம்பும் இறக்கிட்டிருந்தோம். ஏழு மணிக்கு ஒருத்தன் மட்டும் மேல ஏறி வேலைய முடிச்சுட்டு இறங்கிட்டான்."

"என்ன வேலை?"

"தண்ணித் தொட்டிங்க. அதைக் காலி பண்ணி, குழாயைக் கழட்டி இறக்கினாத்தான் கூரையில கால் வெக்க முடியும். எங்க போனாலும் மொத வேலை அதுதான். அதான் முந்தின நாளே சின்னவங்க குடம், வாளி எல்லாம் நிரப்பி சமையல் ரூம்ல மூடி வெச்சிட்டாங்க."

இன்ஸ்பெக்டரின் தும்மல் சட்டென்று நின்றது. ஏட்டுக்கு அந்த அறிகுறி தெரியும். அவர் நகர்ந்துபோய் வாசலை அடைத்தாற்போல் நின்றுகொண்டார்.

ஒரு நீளக் கம்பை வாங்கி, குவித்திருந்த சாமான்களுக்கு நேர் மேலே இருந்த மச்சுப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டினார் இன்ஸ்பெக்டர். நாலாவது பலகை மூடி போலத் தூக்கிக்கொண்டது.

"இதுக்கு மேல பரண். இல்லையா?"

"ஆமாங்க. வீடு முழுக்க ஒரே பரண். நடுவுல தடுப்பே கிடையாது."

"ஏறுற வழி?"

மேஸ்திரி பெரியவரைப் பார்த்தார். "அவங்க ரூம்ல இருந்துதாங்க."

ஏழரை மணிக்கு எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள்.

"பூட்டின ரூம், ஒரே சாவின்னு எல்லாரும் கதவையே பார்த்துட்டு இருந்துட்டீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "பரண்ல இத்தனை வருஷமா பெட்டிங்க அடைச்சிட்டு இருந்ததால அது ஒரு வழின்னே யாருக்கும் தோணல. கூரைக்காகக் காலி பண்ணினதும் அது ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூமுக்கு ராஜபாட்டை ஆயிடுச்சு. இறங்கி ஏறப் படிக்கட்டு மாதிரி சாமானும் நடுவுல குவிஞ்சிருக்கு."

"மத்தியானம் இவ தனியா வந்தாளே!" என்றார் பெரிய மகன்.

"வந்தாங்க. அப்ப தூசு விழுந்து ஓஞ்சு போச்சு. பெட்டகம் அதுக்கப்புறம் திறந்திருந்தா உள்ள இருக்கற துணி வெள்ளையாவே இருந்திருக்கும். ஆனா பட்டு முழுக்கச் செந்தூசு. அப்படின்னா ஓடு உடையறப்பவே மூடி திறந்துதான் கிடந்திருக்கு. ஒன்பதுல இருந்து பதினொண்ணு வரைக்கும் தலைக்கு மேல ஆளுங்க நின்னுட்டு இருந்தாங்க. அப்ப யாரும் பரண்ல தவழ முடியாது. ஆக, திருட்டு எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவுல. அம்மா, அந்த நேரம் உங்க மருமக எங்க இருந்தாங்க?"

வீட்டம்மாவின் குரல் உள்ளே போயிருந்தது. "எம் பக்கத்துல. என் தங்கச்சி வீட்டுல."

"வீட்டுக்குள்ள இருந்தது ஒருத்தர்தான். அவர் ஷவர்ல நிதானமா குளிச்சாராம்." இன்ஸ்பெக்டர் பெரிய மகனை நேராகப் பார்த்தார். "சார், ஏழு மணியில இருந்து இந்த வீட்டுக் குழாய்ல ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. இந்த வேலையில ஒரு கை கொடுத்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். ஒரு வாளியாவது நிரப்பி இருந்தாக்கூடப் போதும். வேலை செஞ்சவங்க யாரும் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டாங்க."

பெரிய மகனின் பார்வை வெளியே நின்ற தன் காருக்கு ஓடியது. ஏட்டு அந்தக் காரைத் திறக்கச் சொன்னார். ஸ்டெப்னி டயருக்கு அடியில் ஒட்டடையும் கரியும் அப்பிய ஒரு சட்டை சுருட்டிக் கிடந்தது. அதற்குள் நகைப்பெட்டி.

"அவ போனாத்தானே நீ வீட்டை விப்பேம்மா..." என்று அவர் தாயைப் பார்த்து முனகினார். அந்த அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜீப் போன பிறகு வீடு அமைதியானது. பிரித்த கூரை வழியே வானம் தெரிந்தது. வீட்டம்மா மெல்ல எழுந்து சின்ன மருமகளின் கையைப் பிடித்தார்.

"புத்தி கெட்டுப் பேசிட்டேன்மா. மனசுல வெச்சுக்காதே."

"வெச்சுக்கல அத்தை." அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் அழுதுகொண்டிருந்தாள். "கூரை போட்டு முடியற வரைக்கும் இருக்கேன். மழை வந்தா உங்களால ஒத்தையா சமாளிக்க முடியாது. முடிஞ்சதும் போறேன்."

"எங்கம்மா போவே? உனக்குப் போக்கிடம் ஏது?"

"பார்த்துக்கறேன். நீங்க போகச் சொன்னதால இல்ல அத்தை. எடுத்தியான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா இருந்திருப்பேன். நீங்க கேக்கவே இல்ல."

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுநாள் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று மேஸ்திரியைக் கேட்கப் போனாள்.