கஞ்சி போட்ட இறக்கை

தெருவில் பாவு, அதாவது தறிக்குப் போகிற நீள நூல், நீட்டியிருக்கும்போது குறுக்கே யாரும் போகக்கூடாது. சைக்கிள்காரன் இறங்கி ஓரமாய் உருட்டிக்கொண்டு போவான். கல்யாண ஊர்வலமே ஆனாலும் அடுத்த தெரு வழியாகத்தான் சுற்றிப் போகும். சங்கரன்கோவிலில் தறி ஓடுகிற தெருக்களுக்கெல்லாம் இதுதான் சட்டம். ஆனால் ஆகாயத்திலிருந்து வருகிறவனுக்கு அந்தச் சட்டம் எங்கே தெரியப் போகிறது...

அன்று காலை ஜெயபாய் பாவு நூலுக்குக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே ஏதோ உறுமியது. நிமிர்ந்தாள். மஞ்சள் நிறம், ஒன்றின் மேல் ஒன்றாய் இரண்டு இறக்கை, மூக்கில் சுழலும் விசிறி. ஆள் நீளத்துக்கு ஓர் ஏரோப்பிளேன் அவளைப் பார்த்தே வந்துகொண்டிருந்தது. அவள் அப்படியே குனிந்துவிட்டாள். அது பாவின் நடுவில் விழுந்து, வெள்ளை இழைகளை வாரிச் சுருட்டிக்கொண்டு நின்றது.

பின்னாலேயே ஒருவன் ஓடி வந்தான். கழுத்தில் ஒரு பெட்டி தொங்கியது. அதிலிருந்து நீளமாய் ஒரு ஏரியல்.

"அடி பட்டுட்டா?" என்றான் மூச்சிரைக்க.

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"இல்ல... நான் பிளேனைக் கேட்டேன்."

ஜெயபாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்க பாவுல பாதி இழை அந்துபோச்சு. இதை யாரு பிணைக்கது? உங்க பிளேன் வந்து பிணைக்குமா?"

அப்போதுதான் அவன் அவளைப் பார்த்தான். கன்னத்தில் ஒரு தீற்றல் கஞ்சி... கோபத்தில் இன்னும் பெரிதாகிவிட்ட கண்கள்... பிளேனை மறந்து நின்றான் மடையன்.

"நான் பிணைக்கேன்," என்றான்.

சொன்னபடி உட்கார்ந்தான். அவன் போட்ட முடிச்சுகளைப் பார்த்து, தறிக்கூடத்தில் நாடாவுக்கு நூல் தார் சுற்றுகிற ஆமினாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எம்மா ஜெயபாய், இது முடிச்சா மொச்சைக்கொட்டையா?" ஜெயபாய் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு இழையை விரலில் உருட்டி எப்படிப் பிணைப்பது என்று காட்டிக் கொடுத்தாள்.

பெயர் பிரபுதாஸ். பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை. அவன் அப்பா விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். அந்தக் காலத்து இரட்டை இறக்கை விமானங்களைத் துடைத்துத் துடைத்தே வயதானவர். போன வருஷம் கர்த்தருக்குள் நித்திரையானார். அவர் வைத்துவிட்டுப் போன படங்களைப் பார்த்து, மூங்கில் பிளாச்சும் லேசான மரச்சட்டமுமாக இவன் இதைக் கட்டியிருந்தான். எஞ்சினும், தரையில் நின்றே அதை ஓட்டுகிற ரேடியோப் பெட்டியும் சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா கொடுத்தனுப்பியவை.

"பம்பாயில ஒரு கம்பெனியில மாமா எனக்கு வேலை சொல்லி வச்சிருக்காங்க. இது ஒழுங்காப் பறந்துட்டா கிளம்பி வாரேன்னு சொல்லியிருக்கேன்," என்றான்.

போனால் போகட்டும், எனக்கென்ன, என்று ஜெயபாய் நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே நினைத்தாள்.

இறக்கைகள் நார்நாராய்க் கிழிந்திருந்தன. அவன் குடைத்துணியை ஒட்டியிருந்தான். ஜெயபாய் அதைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். தறிக்காரர் மகள் அல்லவா... எங்கள் தறியில் ஓடுகிற மெல்லிசு மஞ்சள் துணி தருகிறேன், இங்கேயே வைத்துச் செய்துகொள்ளுங்கள் என்று வாய் முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். அப்பா சுந்தரராஜ் மகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பிரபுதாசைப் பார்த்தார்.

"வேலை முடியுத வரைக்கும் வாரும் வே. முடிஞ்சதும் உம்ம வழி உமக்கு. வயசுப்பிள்ளை இருக்க வீடு, பாத்துக்கிடும்."

அப்பா சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் அந்த 'முடிஞ்சதும்' என்ற வார்த்தை ஜெயபாயின் நெஞ்சில் நெருஞ்சி முள்ளாய்த் தைத்தது.

தறிக்கூடத்துப் பின்னறையில் பிளேன் மறுபடி உருவாயிற்று. உடைந்த பிளாச்சுகளை அவன் சீவிச் சீவிப் பொருத்தினான். அவள் துணியை இழுத்துப் பிடித்து ஓரம் தைத்தாள். தறிச் சத்தத்தில் பேசுவது காதில் விழாது. ஒன்று சொல்ல வேண்டுமானால் பக்கத்தில் வர வேண்டும். அவன் ஒன்றுமில்லாததற்கெல்லாம் பக்கத்தில் வந்தான்.

"அந்தக் கத்தரிக்கோல் எங்க?"

"உங்க கையிலதான் இருக்கு."

"ஆமா... இருக்கு."

துணி போர்த்தியாயிற்று. இனி அது விறைப்பாக நிற்க வேண்டும்.

"வார்னிஷ் ஒரு பூச்சுப் பூசிட்டா நாளைக்கே காஞ்சிரும்," என்றான்.

நாளைக்கே... ஜெயபாய்க்குப் பக்கென்றது.

"வார்னிஷ் எதுக்கு? கனம் ஏறிரும். எங்க கஞ்சிய விட விறைப்பு உண்டா? மெல்லிசா ஒரு தடவை தடவி, காயவிட்டு, மறுபடியும் தடவணும். பொறுமையாச் செய்யணும். நூலைப் பத்தி எங்களுக்குத் தெரியாதா?"

அவன் யோசித்தான். அவள் கண்ணைப் பார்த்தான். அப்புறம் யோசிக்கவில்லை.

கஞ்சி தடவினார்கள். காய்ந்தது. மறுபடி தடவினார்கள். ஒரு வாரத்துக்கும் மேலாக அவன் வந்து போனான். இறக்கையைச் சுண்டினால் மத்தளம் மாதிரி சத்தம் வந்தது. இதற்கு மேல் இழுக்க வழியில்லை என்று ஆனதும், அவன் நாள் குறித்தான்.

ஐப்பசி பிறந்திருந்தது. ஊருக்கு வெளியே, திருவேங்கடம் சாலையை ஒட்டிய காய்ந்த கண்மாய். சுந்தரராஜும் வந்தார், ஆமினாளும் வந்தாள். எஞ்சின் சீறியது. பிளேன் தரையில் குதித்துக் குதித்து ஓடி, சட்டென்று எழும்பியது. ஆமினாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மஞ்சள் இறக்கையில் வெயில் பட்டு மின்ன, அது கண்மாயை ஒரு சுற்றுச் சுற்றியது. பிரபுதாசின் முகத்தைப் பார்த்தாள் ஜெயபாய். இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் எந்த மனுஷ முகத்திலும் பார்த்ததில்லை. அவளுக்கு அழுகை வந்தது. பறந்துவிட்டது. இனி அவன் போய்விடுவான்.

அப்போது மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. முதல் துளி அவள் புறங்கையில் விழுந்தது.

மழை இருட்டினால் முதலில் பாவைச் சுருட்டு... நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கேட்ட வார்த்தை அது. ஒரு தூறல் பட்டால் போதும், கஞ்சி இளகிவிடும், நூல் துவண்டுவிடும், அத்தனை வேலையும் பாழ். வானம் கறுத்தால் கையில் சோறு இருந்தாலும் போட்டுவிட்டு ஓடிப் பாவைச் சுருட்டிய பெண் அவள். அவளுக்கா தெரியாது... ஆனால் இறக்கையில் இருப்பதும் அதே கஞ்சிதான் என்பதும், பிளேன் போவது மழை வருகிற இடத்துக்குத்தான் என்பதும் அந்த நிமிஷம்தான் உறைத்தது.

'இறக்குங்க' என்று கத்த வாயைத் திறந்தாள். பக்கத்தில் அப்பா. அவர் முன்னால் அவனைக் கூப்பிடக் கூசி வாயை மூடிக்கொண்டாள். அதற்குள் மேலே இறக்கை தொய்ந்துவிட்டது. பிளேன் ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது, நிமிரப் பார்த்தது, முடியாமல் கரிசல் மண்ணில் குப்புற விழுந்தது.

பிரபுதாஸ் ஓடவில்லை. மெதுவாக நடந்தே போய், நொறுங்கியதைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"உடனே திருப்பாம நின்னுட்டேன். என் கை சரியில்ல," என்றான். "எங்கப்பா கை இருந்துச்சே... எனக்கு அது வரல. எனக்கு எதுக்கு இதெல்லாம்? ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் பம்பாய்க்குக் கிளம்புதேன்."

உடைந்த இறக்கையைத் தறிக்கூடத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போய்விட்டான்.

அதன் பிறகு ஜெயபாய்க்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி குடும்ப ஜெபத்தில் அப்பா வேதத்தில் சங்கீதம் வாசிக்க, அவள் காதில் பிளேனின் விசிறிச் சத்தமே கேட்டது. உண்மையைச் சொன்னால்? அவன் முகம் கொடுத்துப் பேசுவானா? தன் அப்பாவின் ஆசையைக் கட்டி எழுப்பினவன்... அதை இவள் கஞ்சியில் கரைத்துவிட்டாள். சொல்லாவிட்டால்? கை சரியில்லை என்று நம்பிக்கொண்டே போய்விடுவான். பம்பாயில் கிழவனாகிறவரைக்கும் நம்புவான்.

சனிக்கிழமை ஆமினாள் தார் சுற்றுவதை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"வயித்துல உள்ளதை வாயில சொல்லலைன்னா உள்ளுக்குள்ள அழுகிப்போகும், மக்கா. வா. அந்த ரெக்கையில ஒரு முனைய நீ பிடி, ஒரு முனைய நான் பிடிக்கேன்."

இரண்டு பெண்கள் ஓர் ஏரோப்பிளேன் இறக்கையைத் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் ரத வீதி வழியாக நடந்தார்கள். பூக்கடைக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். சோடாக்கடையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். "என்னம்மா இது?" என்று ஒருத்தர் கேட்க, "ரெக்கை, அண்ணாச்சி. விக்கிறதுக்கு இல்ல," என்று ஆமினாள் பதில் சொன்னாள். ஜெயபாய் தலையை நிமிர்த்தவில்லை. நாளைக் காலையில் ஊர் என்ன பேசும் என்று தெரியும். அப்பா காதுக்கு எத்தனை சீக்கிரம் போகும் என்றும் தெரியும். ஆனாலும் கால் நிற்கவில்லை.

கடையில் பிரபுதாஸ் ரேடியோப் பெட்டியை அட்டையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். ஆமினாள் இறக்கையைப் பெஞ்சில் சாய்த்துவிட்டு, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அவளுக்குத் தெரியும் எப்போது திரும்பி நிற்க வேண்டும் என்று.

"கொஞ்சம் தண்ணி குடுங்க," என்றாள் ஜெயபாய்.

குடிப்பதற்கு என்று நினைத்து அவன் தம்ளரை நீட்டினான். அவள் அதை வாங்கி, கிழியாமல் மிஞ்சியிருந்த இறக்கைத் துணிமேல் ஊற்றினாள். காய்ந்து மறுபடியும் மத்தளமாய் நின்ற துணி கொஞ்சம் கொஞ்சமாய்த் துவண்டு, பிளாச்சுகளுக்கு நடுவே குழிவிழுந்து தொங்கியது. அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"உங்க கையில தப்பில்ல. தூறல் விழவும் கஞ்சி இளகிட்டு. கஞ்சி மழைக்கு நிக்காதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் யோசிக்கல."

"நான்தான் அன்னைக்கே வார்னிஷ் பூசணும்னு சொன்னேம்லா?" அவன் குரல் உயரவில்லை, ஆனால் கோபம் இருந்தது. "நீங்கதான வேண்டாம்னீங்க?"

"ஆமா."

"கனம் ஏறிரும்னு சொன்னீங்க. இத்தினியூண்டு வார்னிஷ்ல என்ன கனம்?"

ஜெயபாய் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று... இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது?

"ஒரு கனமும் இல்ல," என்றாள். "வார்னிஷ்னா ஒரே நாள்ல முடிஞ்சிரும். முடிஞ்சா நீங்க வர மாட்டீங்க. கஞ்சின்னா... தினமும் வருவீங்க."

பக்கத்துக் கடை ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அவன் தொங்கிய துணியைத் தொட்டுப் பார்த்தான். திட்டப் போகிறான்... போ என்று சொல்லப் போகிறான்... அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"எனக்கு பம்பாய்க்குப் போக இஷ்டமே இல்ல," என்றான் பிரபுதாஸ்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"பிளேன் பறந்ததும் நேரா உங்கப்பாகிட்ட வந்து பொண்ணு கேக்கணும்னு இருந்தேன். ஒண்ணு செஞ்சு காட்டிட்டுக் கேட்டாத்தான மரியாதை? விழுந்துபோனதைத் தூக்கிட்டு வந்து எப்படிக் கேக்கன்னுதான்... ஓடப் பாத்தேன்." அவன் அட்டைப்பெட்டியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். "இனிமே பறக்குத வரைக்கும் காத்திருக்க மாட்டேன். இன்னைக்குச் சாயந்திரம் அப்பா வீட்டுல இருப்பாங்களா?"

தெருவைப் பார்த்து நின்ற ஆமினாள் திரும்பாமலே சொன்னாள்.

"சாயந்திரம் எதுக்கு? இவ அப்பா இந்தா எதிர்த்தாப்புலயே வருதாக. ஊர் அதுக்குள்ள சொல்லிட்டு."

ஜெயபாய்க்கு உயிர் போய் உயிர் வந்தது. அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவளுக்கு முன்னால் வந்து, கடை வாசலில் நின்றான்.