கதவுக்கு வெளியே ஜான்சன்

வெயில் மேற்கே திரும்பியிருந்த நேரத்தில், சமையலறையில் நின்ற சுகாசினியின் நிழல் தப்பான பக்கம் விழுந்தது. கிழக்கு ஜன்னல் வழியாக வந்த ஒரு வெள்ளை வெளிச்சம் பாத்திரம், அடுப்பு, அவள் கை எல்லாவற்றையும் சத்தமில்லாமல் வெளுக்க வைத்துவிட்டு அணைந்தது. மின்விசிறி நின்றது. வெகுநேரம் கழித்துத்தான் தரைக்கடியில் லாரி உருள்வதுபோல ஒரு முழக்கம் வந்து கண்ணாடிகளை நடுக்கியது.

கிழக்கே சென்னை. ஏ.சி. மாட்டும் வேலைக்கு அவள் கணவன் ஜான்சன் அங்கேதான் போயிருந்தான். காய்ச்சலா இருக்குது, இன்னிக்கு லீவு போடட்டுமா என்று காலையில் கேட்டவனை அவள்தான் எழுப்பி அனுப்பினாள்.

போலீஸ் ஜீப் மைக்கில் சொல்லிக்கொண்டே பெரிய காஞ்சிபுரம் தெருக்களைச் சுற்றியது. சென்னையில் அணுகுண்டு விழுந்துவிட்டது. காற்று இந்தப் பக்கம் வீசுகிறது. விழப்போகிற சாம்பல் விஷம். கதவு ஜன்னலை அடைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் பட்டவர்களைத் துணி களைந்து, கழுவிய பிறகே உள்ளே விடுங்கள்.

ஈரத்துணியை இடுக்குகளில் திணித்துவிட்டு, இரண்டு வயது மகள் ஜெனியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பொழுது சாயும் முன்பே இருட்டியது. கூரை ஷீட்டின் மேல் யாரோ மாவு சலிப்பதுபோல மெல்லிய சரசரப்பு. முடி கருகிய வாசனை. தெருவில் கால்களை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம்.

ஒரு காலடி இவள் வாசலில் நின்றது. கதவை யாரோ தடவினார்கள்.

"சுகா... நான்தாம்மா. லாரில ஏத்தினு வந்து வுட்டாங்க. கண்ணு தெரியல."

ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். தோளிலிருந்து தொங்குவது சட்டை என்று நினைத்தாள். தோல். அதன் மேல் சாம்பல். குளியலறையில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. கை தாழ்ப்பாளில் இருந்தது. அசையவில்லை.

"பாப்பா இருக்குதுங்க," என்றாள்.

வெளியே மூச்சு இரைத்தது. பிறகு, "சரிம்மா. தொறக்காத. பாப்பாவ ஒரு வார்த்தை பேசச் சொல்லு."

ஜெனி விழித்துக்கொண்டுதான் இருந்தாள். அப்பா என்று கத்திவிடுவாளோ என்று சுகாசினி அவள் வாயை இறுகப் பொத்தினாள்.

"தூங்குதுங்க."

கதவை உரசிக்கொண்டு ஏதோ கீழே சரிந்தது.

அவள் இந்தப் பக்கம் சாய்ந்தாள். இடையில் ஒரு பலகை. மூச்சு கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

கண்ணயர்ந்திருக்க வேண்டும். விழித்தபோது விடிந்திருந்தது. மடி காலி.

சமையலறையில் ஜெனி குந்தியிருந்தாள். மேலே, புகைபோக்கி விசிறியின் ஓட்டை. அதை அடைக்கவேயில்லை. அதன் வழியே வெயில் ஒரு கோடாக இறங்கியது. அந்தக் கோட்டுக்குள் சாம்பல். மெதுவாக. இன்னும் விழுந்துகொண்டு.

தரையில் மெத்தென்ற குவியலில் ஜெனி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் சிரித்தாள். நாக்கு சாம்பல் நிறத்தில் இருந்தது.