தொள்ளாயிரம் ஒப்புதல்கள்

காலையில் எழுந்ததும், தன் கணவரின் இதயத்துக்குள் முந்தைய நாள் எத்தனை பேர் நுழைய முயன்றனர் என்று பார்ப்பது சூசையம்மாளின் வழக்கம். அன்று பதினேழு பேர். பதினேழு பேரையும் அவர் நெஞ்சில் பொருத்தியிருந்த இதயச்சீராக்கி தானாகவே தடுத்திருந்தது. அவள் பல் துலக்கச் சென்றாள்.

நிலவின் வெண்குடிக் குடியிருப்பில் அவள் நடத்திய மருத்துவ நிலையம், இருநூறு பேரின் இதயச்சீராக்கிகளைத் தொலைவிலிருந்தே கண்காணித்தது. அவற்றுள் ஒன்று அவள் கணவர் தேவசகாயத்தினுடையது. அச்சுறுத்தல் பகிர்வுச் சட்டத்தின்படி, ஒவ்வொரு தாக்குதலையும் ஒரு மணி நேரத்துக்குள் நிலவிலுள்ள மற்ற தொள்ளாயிரம் நிலையங்களுக்கும் அறிவிக்க வேண்டும். அறிவிப்பைப் பெற்றவர்கள், அதைப் படித்துப் புரிந்துகொண்டதாக ஒப்புதல் அனுப்ப வேண்டும். தவறினால் உரிமம் போய்விடும். ஒருவர் கண்ட ஆபத்து மற்றவர்க்கு எச்சரிக்கையாகட்டும் என்ற நல்ல நோக்கத்துடன்தான் சட்டத்தை இயற்றினார்கள். நாளொன்றுக்குப் பதினோராயிரம் அறிவிப்புகள் வந்து சேரும் என்பதை மட்டும் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அவற்றைப் படிப்பதற்கென்றே சூசையம்மாள் ஒரு வாசிப்பு எந்திரனை அமர்த்தினாள். அது நேர்மையானது. ஒவ்வொரு வரியையும் படித்தது. ஐயங்களை எழுதிக் கேட்டது. மறுநாள் விடிந்தும் முந்தைய நாளின் பாதியைத் தாண்டவில்லை. ஒரு பிற்பகலில், நிலையத்தின் தொழில்நுட்பர் இசக்கிமுத்து அதன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஏல, நேரா கடைசி வரிக்குப் போ. அங்க ஒரு பொத்தான் இருக்கா? அமுக்கு. அவ்வளவுதான்.”

“நடுவில் உள்ளவற்றை எப்போது படிப்பது?” என்று எந்திரன் கேட்டது.

“எங்க தாத்தா காலத்துலேருந்து ஒருத்தரும் படிச்சதில்ல. நீ என்ன புதுசா கெடந்து அல்லாடுத?”

சூசையம்மாள் தடுக்கவில்லை. அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. அன்று மாலைக்குள் தேங்கிக் கிடந்தவை அனைத்தும் தீர்ந்தன.

மூன்றாவது வாரம், காலை உணவின்போது தேவசகாயம் கரண்டியைக் கீழே வைத்தார்.

“சூசை, நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு. யாரோ உள்ள ஒக்காந்து திருகுத மாதிரி.”

அது உண்மையே. சீராக்கி எவருடைய கட்டளைக்கோ பணிந்து, துடிப்பை ஐம்பது, நாற்பத்தைந்து என இறக்கிக்கொண்டிருந்தது. எந்திரன் பிழையற்ற அறிவிப்பொன்றை எழுதி, உதவி கோரித் தொள்ளாயிரம் நிலையங்களுக்கும் அனுப்பியது. நான்கு நொடிகளில் தொள்ளாயிரம் ஒப்புதல்கள் வந்தன. எல்லாரும் படித்திருந்தார்கள், எல்லாரும் புரிந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் மறுமொழி எழுதவில்லை.

சூசையம்மாள் தொலைபேசியை எடுத்து, அடுத்த குடியிருப்பில் நிலையம் நடத்தும் பேச்சியம்மையை அழைத்தாள்.

“பேச்சி, எங்க வீட்டுக்காரருக்குத் துடிப்பு எறங்கிக்கிட்டே வருது. வெளியேருந்து எவனோ எறக்குதான்.”

“அதுவா? போன வாரம் எங்களுக்கும் வந்துச்சுக்கா. சீராக்கியச் செஞ்ச கம்பெனிக்காரங்க உள்ள ஒரு பழைய பாஸ்வேர்ட விட்டு வச்சிருக்காங்க. அத அழிச்சிட்டு மறுபடி ஓட்டுங்க, சரியாயிரும்.” சற்றே நிறுத்திக் கேட்டாள்: “வெவரமா எழுதி அனுப்பினேனே. புரிஞ்சுதுன்னு நீங்க பதில் கூடப் போட்டீங்களே?”

சூசையம்மாள் அவள் சொன்னபடி பாஸ்வேர்டை அழித்தாள். துடிப்பு எழுபதுக்கு ஏறியது.

செய்தி, அந்தச் சட்டத்தை இயற்றிய ஆணையத்தை எட்டியது. தொலைபேசியில் ஒரே ஒருவரிடம் மட்டும் தகவலைப் பகிர்ந்தது குற்றம் என அவளை முதலில் கண்டித்தார்கள். பின்னர், தொலைபேசி நன்றாகப் பயன்படுகிறது என்பதை உணர்ந்து சட்டத்தைத் திருத்தினார்கள். இனி எச்சரிக்கை அழைப்புகளும் தொள்ளாயிரம் நிலையங்களுக்கும் செல்லும். பெறுபவர் ஒவ்வொருவரும் கேட்டுப் புரிந்துகொண்டதாக ஒப்புதல் தர வேண்டும்.

இரண்டு மாதங்கள் கழித்துத் தேவசகாயத்தின் துடிப்பு மீண்டும் இறங்கத் தொடங்கியது. இம்முறை வந்த வழி புதிது. பழைய மருந்து பலிக்கவில்லை. சூசையம்மாள் பேச்சியம்மையை அழைத்தாள். முதல் மணியிலேயே இணைப்புக் கிடைத்தது.

“பேச்சி, மறுபடியும்…”

“தங்கள் அழைப்பு கேட்கப்பட்டது; புரிந்துகொள்ளப்பட்டது,” என்றது எந்திரக் குரல்.

அடுத்த நிலையத்தை அழைத்தாள். அதே குரல், அதே சொற்கள்.

“யாராவது எடுக்காங்களா?” என்று தேவசகாயம் படுத்தபடியே கேட்டார்.

“எல்லாரும் எடுக்காங்க,” என்று கூறிவிட்டு, சூசையம்மாள் மூன்றாவது எண்ணை அழுத்தினாள்.