ஆம், இல்லை

மஞ்சள் முக்கோணத்துக்குள் இருக்க வேண்டிய ஆச்சரியக்குறியைக் காணவில்லை. அந்த இடத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான்.

அரியலூருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் மேட்டிலிருந்த ஒற்றை அறை ஆபீஸில் ஷாலினி மேரி தனியாக இருந்தாள். உச்சி வெயிலில் கூரைத் தகரம் நெளிந்து டக்கென்று ஒலிப்பதும், பழைய ஏ.சி. முனகுவதும், சூடேறிய கம்ப்யூட்டரிலிருந்து கருகல் வாடை கிளம்புவதுமாக அறையே மூச்சு முட்டியது. குழியில் வைத்த வெடியை வெடிக்கச் செய்யும் மென்பொருளை எழுதியவள் அவள்தான். வெடிக்கும் முன் திரையில் ஒரு பெட்டி வரும்: ‘குழியில் ஆள் இல்லை. வெடிக்கலாமா?’ கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். ஓரத்தில் அந்த மஞ்சள் முக்கோண எச்சரிக்கைப் படம். அதில்தான் நகக்கண் அளவுக்கு அந்தக் கறுப்பு உருவம்.

‘இல்லை’யை அழுத்தினாள். படத்தை அழித்துவிட்டு வேறு படம் போட்டாள். பெட்டி மறுபடி வந்தது. அவன் இப்போது தலையை நிமிர்த்தியிருந்தான்.

ஃபோர்மேன் செல்லமுத்துவைப் போனில் கூப்பிட்டாள்.

“அண்ணே, குழியில யாராச்சும் இருக்காங்களா?”

“ஒருத்தரும் இல்லம்மா. பாத்துட்டுத்தானே சொன்னேன். அழுத்துங்க, மேனேஜர் கத்துறாரு.”

“கத்தட்டும். இன்னொருக்கா பாருங்க. நான் அழுத்த மாட்டேன்.”

அவர் சலித்துக்கொண்டே இறங்கும் சத்தம் போனில் கேட்டது. சரளைக்கல் சரிந்தது. படத்தில் இன்னோர் உருவம் முளைத்தது. காதில் போன்.

“இங்க யாரும் இல்லம்மா.”

படத்தில், முதல் உருவம் அவருக்குப் பின்னால் வந்து நின்றது.

“அண்ணே, திரும்பிப் பாக்காதீங்க. மேல ஏறுங்க. ஓடியாங்க!”

மவுஸை யாரும் தொடவில்லை. அம்பு ‘ஆம்’ நோக்கி ஊர்ந்தது. ஷாலினி மவுஸைப் பிடித்து இழுத்தாள். அம்பு திமிறியது. இடது கையால் மின்சார வயரைப் பிடுங்கி எறிந்தாள். ஏ.சி. நின்றது. திரை அணையவில்லை.

“யாரா வேணா இரு,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. “இத எழுதுனது நான். நான் சொன்னாத்தான் வெடிக்கும்.”

‘இல்லை’யை அழுத்தினாள். பெட்டி மறைந்தது. வந்தது. இல்லை. வந்தது. இல்லை.

“ஏறிட்டேன்மா,” போனில் செல்லமுத்துவுக்கு மூச்சிரைத்தது. “ஜீப்புல உக்காந்துட்டேன். என்னம்மா ஆச்சு?”

முக்கோணம் காலியாக இருந்தது.

அவள் மூச்சு விட்டாள். பெட்டி மீண்டும் வந்தது. படத்தில் ஒரு மேசை. ஒரு நாற்காலி. அதில் பின்னல் போட்ட ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு. அவளுக்குப் பின்னால் அவன்.

ஷாலினி திரும்பவில்லை. கழுத்தில் ஈரமண் வாடை. மவுஸை விடவில்லை.

“மாட்டேன்.”

‘இல்லை’யை அழுத்தினாள்.

அவள் விரல்களின் மேல், வெள்ளைச் சுண்ணாம்பு அப்பிய ஐந்து விரல்கள் மெல்லப் படிந்தன.