பிரித்தெடுத்த பெயர்

ஈடித் ஓல்சனின் வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மார்லிஸ் போனபோது, ஆகஸ்ட் வெயில் நெப்ராஸ்காவை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தது. சோளக்காட்டில் ஓர் இலைகூட அசையவில்லை. செத்துப்போன ஈடித்தின் நாற்காலிகளையும் விளக்குகளையும் புல்வெளியில் பரப்பி வைத்து, மகள் டார்லா பேரம் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போயிருந்தாள்.

"உனக்குன்னே ஒண்ணு ஒதுக்கி வச்சிருக்கேன்டி," என்று ஒரு தகரப் பெட்டியை நீட்டினாள் டார்லா. "அம்மா இருந்த வரைக்கும் இதத் தொடவே விடல. தொறந்து பாத்தா வெறும் பூ போட்ட துணி. இதுக்குத்தானா அந்த ஆர்ப்பாட்டம்!"

வெள்ளைப் பருத்தித் துணியில் வெட்டிய சதுரங்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலால் ஒரு பூக்கூடை, கூடையின் கீழே ஒரு பெண்ணின் பெயர். பார்த்ததும் மார்லிஸுக்குப் புரிந்துவிட்டது. அந்த ஊர்த் தேவாலயத்துப் பெண்கள் சேர்ந்து போர்வை செய்யும்போது ஒவ்வொருத்தியும் ஒரு சதுரம் தைப்பாள். பூவை யாரும் உதவிக்குத் தைக்கலாம். பெயரை மட்டும் அவரவர் கையாலேயே தைக்க வேண்டும். கோணினாலும் சரி, அடுத்தவள் ஊசி அதில் படக்கூடாது.

இந்தச் சதுரங்களை ஏனோ யாரும் இணைக்கவில்லை. அரைகுறையாக நிற்கும் தையலைக் கண்டால் மார்லிஸுக்குக் கை அரிக்கும். அதிலும் ஒரு சதுரத்தில் 'ஹில்மா' என்று இருந்தது. அவளுடைய மாமியார்!

எண்பத்தொன்பது வயது ஹில்மாவின் நாக்குக்குப் பயந்து பாதிரியாரே மார்லிஸ் வீட்டுப் பக்கம் காபி குடிக்க வருவதில்லை. ஆனால் டாக்டர்கள் மார்லிஸின் மார்பில் கத்தி வைத்த வருஷம், பெற்ற தாயே எட்டிப் பார்க்காதபோது, புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டவள் இந்தக் கிழவிதான். மார்லிஸ் அதை மறக்கவில்லை. இதைப் போர்வையாக்கிக் கிழவியின் மடியில் போட்டு அசத்திவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பெட்டியின் அடியில் கடைசியாக ஒன்று கிடந்தது. அதிலும் பூக்கூடை இருந்தது. பெயர் இல்லை. பெயர் இருந்த இடத்தில் வரிசையாக ஊசித் துளைகள். யாரோ நூலைப் பிரித்து எடுத்திருந்தார்கள்.

மறுநாள் எல்லாவற்றையும் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டாள். துணி நனைந்தால் ஊசித் துளைகள் மூடிக்கொள்ளும். அந்தச் சதுரத்தில் மூடவில்லை. அந்த வெயிலில் மற்றதெல்லாம் நொடியில் காய்ந்துவிட, அது மட்டும் அப்பளம் போல விறைத்துக் கிடந்தது.

தொட்டுப் பார்த்தாள். பனிக்கட்டி.

ஈரக் கம்பளி வாடை வீசியது. அந்த வீட்டில் வெயில்காலத்தில் கம்பளியை வெளியே எடுப்பதே இல்லை. ஏதோ மனப்பிரமை என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். சதுரங்களை இணைத்து, பஞ்சு பரப்பி, அடித்துணி வைத்து, முன்னறையில் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டினாள்.

கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்த ஹில்மா, சட்டத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"எங்க புடிச்ச இத?"

"ஈடித் வீட்டுல, அத்தை. உங்க பேருகூட இருக்கு பாருங்க. இந்த ஒண்ணுலதான் யாரு பேருன்னு தெரியல."

"தெரியாம இருக்கத்தான் பிரிச்சேன்," என்றாள் ஹில்மா. "கொண்டு போய் அடுப்புல போடு."

மார்லிஸ் போடவில்லை. அவ்வளவு உழைப்பை எரிக்க எந்தத் தையற்காரிக்கு மனசு வரும்?

மறுநாள் காலையில் ஹில்மாவின் பெயரில் முதல் எழுத்து அவிழ்ந்திருந்தது. சிவப்பு நூல் சுருள் தரையில் கிடந்தது. உள்ளேயிருந்து கிழவியின் குரல் கேட்டது.

"குளுருதுடி. ஜன்னலச் சாத்து."

ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. வெளியே அனல் பறந்தது.

அடுத்த நாள் இன்னோர் எழுத்து போயிற்று. ஹில்மாவின் விரல்நுனிகள் நீலமாகின. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வயதாகிவிட்டது, ரத்த ஓட்டம் குறைவு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். கணவன் ராய் வடக்கே கோதுமை அறுவடைக்கு இயந்திரம் ஓட்டப் போயிருந்தான். கட்டிலில் கம்பளி மேல் கம்பளியாகப் போட்டும் கிழவியின் பற்கள் தந்தியடித்தன. பெயரில் மீதி எழுத்துகளும் போய்விட்டால் இவளும் போய்விடுவாள் என்று மார்லிஸுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"யாரு அத்தை அவ? சொல்லித் தொலைங்க."

"இங்ரித்." அந்தப் பெயரை ஹில்மா துப்பினாள். "எங்களுக்கு நிச்சயம் ஆன அப்பறம்தான் எனக்குத் தெரியுது, உன் மாமனார் அவ வயித்துல புள்ளயக் குடுத்துட்டு நிக்கிறாரு. நான் அவ பேரப் பிரிச்சேன். ஒருத்தியும் ஏன்னு கேக்கல."

"அப்பறம்?"

"பனிப்புயல் அடிச்ச அன்னிக்கு, தேவாலயத்துக் கீழறையில தச்சிட்டிருந்தோம். வந்து கதவத் தட்டினா. தாழ்ப்பாள நான்தான் புடிச்சிட்டு நின்னேன். தட்டற சத்தம் கேக்கக் கூடாதுன்னு ஈடித் சத்தமா ஞானப்பாட்டு பாடினா. மத்தவளுங்க குனிஞ்ச தல நிமிரல. மறுநாள் கதவோரம் பனிய வெட்டி, கம்பளிக் கோட்டோட பொணமா எடுத்தாங்க அவள."

இந்தக் கைகளா என் புண்ணைக் கழுவின?

"அத்தை, அவ பேர உங்க கையாலயே திருப்பித் தச்சுக் குடுத்துடுங்க. காலுல வேணா விழறேன்."

"செத்தாலும் மாட்டேன். அவ பேரு என் பேருக்குப் பக்கத்துல இருக்கக் கூடாது."

அதற்கு மேல் கிழவியிடம் பேச்சு எடுபடாது. மார்லிஸே ஊசியை எடுத்தாள். துளைகள் வழி காட்டின. காம்புத் தையலில் ஒவ்வொரு துளையாக நூலைக் கோத்துப் போனாள். கை தானாக ஓடியது. பாதியில்தான் உறைத்தது: அடுத்தவள் பெயரில் தன் ஊசி படுகிறதே. நிறுத்த நினைத்தாள்.

கை நிற்கவில்லை.

'இங்ரித்' என்று முடித்துவிட்டுத்தான் ஊசி ஓய்ந்தது. அது மார்லிஸின் தையல் இல்லை. எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்து, நீண்ட வால்களோடு இருந்தன.

ஆனால் பலன் கிடைத்தது. மாலைக்குள் ஹில்மாவின் விரல்கள் சிவந்தன. உருளைக்கிழங்கு சூப்பைக் குடித்துவிட்டு, "உப்பு எங்கடி போச்சு?" என்று திட்டினாள். அந்தத் திட்டைக் கேட்டு மார்லிஸ் சமையலறையில் நின்று அழுதாள். பிழைத்துவிட்டாள், அது போதும் என்றிருந்தது.

மறுநாள் மதியம், வெயில் விழும் ஜன்னலோரம் ஹில்மாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மார்லிஸ் சட்டத்தின் முன்னால் சற்றுக் கண்ணயர்ந்தாள். விழித்தபோது கையில் சிறு கத்தரிக்கோல் இருந்தது. மடி நிறையச் சிவப்பு நூல்.

சட்டத்தைப் பார்த்தாள். 'ஹில்மா' இருந்த இடத்தில் துளைகள் மட்டும் இருந்தன.

"அத்தை?"

கிழவி வெயிலில் உட்கார்ந்திருந்தாள். இமை முடிகளில் உறைபனி. வாய் திறந்தபடி இருந்தது. ஒரு கை எதையோ இறுக்கிப் பிடித்த மாதிரி மடங்கிப்போயிருந்தது.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம், ஹில்மாவின் நினைவாக ஒரு போர்வை செய்யத் தேவாலயத்துக் கீழறையில் பெண்கள் கூடினார்கள். மார்லிஸ் வரவே மறுத்தாள். டார்லாதான் விடாப்பிடியாக இழுத்து வந்து பக்கத்தில் உட்கார வைத்தாள். மின்விசிறி வெந்நீர் ஆவி போன்ற காற்றைச் சுழற்றியது. காபி, பலகாரம், ஊர் வம்பு எல்லாம் வழக்கம்போல நடந்தன. எல்லாரும் அவரவர் பெயரைத் தைக்கத் தொடங்கினார்கள்.

மார்லிஸ் தன் பெயரைத்தான் தைத்தாள். ஒவ்வோர் எழுத்தையும் மனசுக்குள் உச்சரித்து உச்சரித்துத்தான் தைத்தாள்.

டார்லா எட்டிப் பார்த்தாள். "என்னடி இது? யாரு இங்ரித்?"

எழுந்து ஓடிவிடு, உன் அம்மாதான் அன்றைக்குப் பாடியவள் என்று கத்த மார்லிஸ் வாயைத் திறந்தாள். ஈரக் கம்பளி வாடைதான் வெளியே வந்தது.

"பாவம், உனக்கு இன்னும் மனசு சரியாகல," என்றாள் டார்லா. அவள் நல்லவள். ஒரு பாவமும் அறியாதவள். மார்லிஸின் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டாள். "ஐயோ, இந்த வெயிலுல உன் கை ஏன்டி இப்படி ஜில்லுன்னு இருக்கு? இரு, தேச்சு விடறேன்."

விட்டுவிடு, விட்டுவிடு என்று மார்லிஸ் உள்ளுக்குள் கதறினாள். இடது கையால் வலது கையைப் பிடித்து இழுத்தாள்.

வலது கை விரல்களை விரித்து, டார்லாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டது.

"யாருப்பா கதவத் தொறந்து வச்சது?" என்றாள் டார்லா, சுற்றும் முற்றும் பார்த்தபடி. அவளுடைய உதடுகள் மெல்ல நீலமாகிக்கொண்டிருந்தன.