ஷெல்ஃபில் ஒட்டிய தோல்

அனகாபுத்தூரில் அந்த வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் என் கணவன் நிகில் மூன்று முறை காரைத் திருப்பிவிட்டான். குறுகலான சந்து. சுவரில் இடுப்பளவுக்கு வெள்ளம் நின்ற கறை. அந்த வீட்டுக்கார கீதா அக்கா பீரோ மேலிருந்து, நான் வாங்க வந்த, துணி சுற்றிய வில்லை எடுத்துத் தந்தார். காலமான அவர் அப்பா சுப்பராயலுவின், நுனிகள் வெளிப்பக்கம் வளைந்த ரிகர்வ் வில். ஐம்பது வருடப் பழசு. மரம் இன்னும் மினுமினுத்தது. எனக்கு வாயெல்லாம் பல்.

கைப்பிடிக்கு மேலே அம்பு உட்காரும் ஷெல்ஃபில் மட்டும் தடித்த தோல் துண்டு ஒன்றை அசிங்கமாக ஒட்டியிருந்தார்கள்.

"அத மட்டும் எடுத்துடாதம்மா. அப்பா ஒட்னது," என்றார் கீதா அக்கா.

ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆறு வருடமாக வில் பிடிக்கிறேன், எனக்குத் தெரியாததா என்ற திமிர்.

சேலையூருக்கு வந்ததும் முதல் வேலையாக அதைப் பிய்த்துக் குப்பையில் போட்டேன். ஷெல்ஃபை உப்புத்தாளால் தேய்த்து, நடுவில் மட்டும் லேசான மேடு விட்டேன். உரசல் குறைந்தால் அம்பு சுத்தமாகப் போகும். தேய்க்கத் தேய்க்க மரத்தூளில் மஞ்சள் வாசனை அடித்தது. பழைய வார்னிஷ் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை பள்ளிக்கரணையில் எங்கள் காலி மனைக்குப் போனோம். அம்பு பொறுக்க வசதியாக நிகில் வழக்கம்போல இலக்குக்கு வலப்பக்கம், ஐந்தடி தள்ளி நின்றான். எந்தக் கிளப்பிலும் இதற்கு விடமாட்டார்கள். நேரம் மிச்சம் என்று நாங்களாகப் பழகிக்கொண்ட தப்பு.

முதல் அம்பு அவன் சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு பின்னாலிருந்த கோரைக்குள் போனது.

தோலை எடுத்தால் அம்பு கொஞ்சம் வலப்பக்கம் போகும்தான். இவ்வளவு போகாது. அவனை இடப்பக்கம் போய் நிற்கச் சொன்னேன். என் புத்தியை என்ன சொல்ல.

இரண்டாவது அம்பு இடப்பக்கம் போனது.

குனிந்ததால் பிழைத்தான்.

காற்றே இல்லை. கோரை அசையவில்லை. அம்பு இன்னும் ஒரு சாண் தாழ்ந்திருந்தால் என் கையாலேயே அவனைக் கொன்றிருப்பேன். நிகில் அம்புகளைத் தேடிக் கோரைக்குள் போக, நான் வில்லைக் கீழே போட்டுவிட்டு கீதா அக்காவுக்கு போன் செய்தேன்.

தோலை எடுத்துவிட்டாயா என்றுதான் முதலில் கேட்டார். பிறகு சொன்னார். அப்பாவுக்கு அம்பு பொறுக்கித் தருவது அம்மா தையல்நாயகிதான். ஒரு நாள் அம்மா நகர்வதற்குள் அப்பா அம்பை விட்டுவிட்டார். அதற்கப்புறம் அந்த வில்லிலிருந்து போன ஒவ்வொரு அம்பும், பொறுக்க நிற்கிற ஆளைத் தேடிப் போனது.

"அம்மா செருப்ப வெட்டி ஒட்னப்புறம்தாம்மா அது அடங்குச்சு. ஒத்த செருப்பு. இன்னொன்னு அம்மா கால்லயே போயிடுச்சு."

கோரைப் பக்கமிருந்து நிகில் நடந்து வந்தான். கையில் இரண்டு அம்புகளும் இருந்தன. அவற்றின் முனைகளில் மஞ்சள்.

"ரொம்ப நேரம் தேடினேன். ஒரு அம்மா எடுத்துக் குடுத்தாங்க," என்றான். அவன் குரல் சரியில்லை. "ஒரு கால்லதான் செருப்பு போட்டிருந்தாங்க, மாளு."

மனை முழுக்கப் பார்த்தேன்.

யாரும் இல்லை.

"இன்னொன்ன நீ எங்க போட்டேன்னு கேக்கறாங்க."

குப்பை வண்டி வெள்ளிக்கிழமையே வந்து போயிருந்தது.