தரை வழியாகக் கேட்பவர்கள்

வேனை விட்டு இறங்கியதும் பெகாரிஸ் முதல் வேலையாக அந்தப் பாழடைந்த கட்டடத்துக்கு முன்னால் நின்று தன்னையே ஒரு படம் எடுத்துக்கொண்டான். கம்ஷாத் தரையில் காறித் துப்பினாள். கேட்டால் குளிர் என்று சொல்லியிருப்பாள்.

கரகண்டா நகரத்திலிருந்து மூன்று மணி நேரம். கடைசி ஒரு மணி நேரம் சாலையே கிடையாது. சுரங்கத்தை மூடியதும் சனங்கள் மூட்டை கட்டிப் போய்விட்ட ஊர் அது. ஊரைத் தாண்டி, புல்வெளியில், தரையோடு படுத்த மாதிரி நீளமாக ஒரு கட்டடம். ஒரு காலத்தில் காது கேளாத பிள்ளைகள் தங்கிப் படித்த பள்ளி.

"செவிட்டுப் பள்ளிக்கூடத்துல ரேவ்! இதை யோசிக்க ஒரு மூளை வேணும், கம்ஷாத்."

"இருந்தா நல்லாத்தான் இருக்கும்," என்றாள்.

ஆறு வருடமாக இந்தக் கூத்து, விடிய விடிய ஆடும் ரேவ் ஆட்டம். ஊருக்கும் போலீசுக்கும் தெரியாமல் இடம் பிடிப்பார்கள். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்தான் வருகிறவர்களுக்குப் போனில் வழி போகும். ஒலி அவள் பொறுப்பு, கலை அவன் பொறுப்பு. போன தடவை ஆட்டுத் தலைகளை வரிசையாக அடுக்கி நீல விளக்குப் போட்டான். அல்மாட்டி நகரத்திலிருந்து வந்த சீமான் வீட்டுப் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று கண்ணீர் விட்டார்கள். அதே தலையை வீட்டில் வேகவைத்து விருந்தாளிக்கு வைக்கும்போது அவர்களில் ஒருவன்கூட அழுததில்லை. கம்ஷாத் அவர்களையும் மதிக்கவில்லை, இவனையும் மதிக்கவில்லை. அவளுக்கு வேண்டியது அந்த எட்டுப் பெரிய ஸ்பீக்கர்கள். வேறு யாரும் அவற்றை அவளை நம்பிக் கொடுக்கப் போவதில்லை.

சாவி குல்யாந்தாவிடம் இருந்தது. வாசல் அறையில் ஒரு பசுவோடு குடியிருக்கும் கிழவி, 'ஆபாய்' என்று மரியாதையாகக் கூப்பிட வேண்டிய வயது. கம்பளிப் பூட்ஸைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்து கூடத்தைத் திறந்துவிட்டாள். ஓரம் கருகிய மரப்பலகைத் தரை. மூலையில் குட்டி இரும்புக் கட்டில்கள், பதினொன்று. பெகாரிஸின் கண் விரிந்தது. ஒரு மணி நேரத்தில் அத்தனையும் சங்கிலியில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டாகிவிட்டது.

"இறக்கு தம்பி," என்றாள் குல்யாந்தா. "கட்டிலுங்க காலு தரையில இருக்கணும். காலு வழியாத்தான் அதுங்களுக்குக் கேக்கும்."

"யாருக்கு, ஆபாய்?"

"தூங்குறதுங்களுக்கு."

பெகாரிஸ் கம்ஷாத்தைப் பார்த்துக் கண்ணடித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கிழவி இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். செருப்பில் ஒட்டிய சாணியைப் பார்க்கிற பார்வை.

"அடுப்புப் பொறி பட்டு ஒரு குளிர்காலத்துல இந்தக் கூடம் எரிஞ்சுது. பதினோரு பிள்ளைங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பொழுது சாய்வதற்குள் கம்ஷாத் ஸ்பீக்கர்களைச் சோதித்தாள். அடித்தொனியை மெல்ல ஏற்றினாள். பலகைகள் அதிர்ந்தன, தூசி எழும்பி அடங்கியது. நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தாள்.

கருப்பு ஸ்பீக்கர் முகத்தில் உள்ளங்கை அச்சுகள். அவள் இடுப்புயரத்துக்கு மேல் ஒன்றுகூட இல்லை.

பெகாரிஸின் வேலைதான், இதுவும் ஒரு கலையாக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே துடைத்தாள். துடைத்த துணி வெதுவெதுப்பாக இருந்தது.

இருட்டியதும் கார்கள் வந்தன. இருநூறு பேர் இருப்பார்கள். ஒரு மாதச் சம்பளம் கொடுத்து வாங்கிய கிழிசல் உடை, மூக்கில் வளையம், முகத்தில் உலகத்தையே கரைத்துக் குடித்த சலிப்பு. தொங்கும் கட்டில்களைப் பார்த்து, "எவ்வளவு ஆழம்!" என்றாள் ஒருத்தி. ஆறடி இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் கம்ஷாத்.

நள்ளிரவு வரை வழக்கமான கூச்சல்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒருவரும் ஒருவரிடமும் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கையால் கேட்டார்கள். நாலு மணிக்கு அத்தனை பேரும் காலணிகளைக் கழற்றியிருந்தார்கள். கண்கள் மூடியிருந்தன. பெகாரிஸும் நடுவில் நின்று ஆடினான், வாய் லேசாகத் திறந்தபடி.

விடியும் நேரம். ஜன்னலில் பால் மாதிரி வெளிச்சம் பரவியபோது ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது.

விளக்குகள் அணைந்தன. ஸ்பீக்கர்கள் ஊமையாயின.

ஆட்டம் நிற்கவில்லை.

இருநூறு ஜோடி வெறுங்கால்கள் ஒன்றாக எழும்பி ஒன்றாக இறங்கின. தொம். தொம். தொம். கம்ஷாத் போட்ட தாளம் அல்ல அது. கால்கள் இறங்குவதற்கு ஒரு நொடி முன்பே பலகைக்கு அடியிலிருந்து அது வந்தது.

கூடத்தில் கருகிய கம்பளி நாற்றம் அடித்தது.

தலைக்கு மேலே கட்டில்கள் ஆடத் தொடங்கின. முதலில் ஒன்று. பிறகு எல்லாம். சங்கிலி இழுக்க உத்தரம் நெரிந்தது. காரை பெயர்ந்து ஒரு பையனின் தோளில் விழுந்தது. அவன் கண் திறக்கவில்லை.

"வெளியே போங்க!" கம்ஷாத் வாசலில் நின்று கத்தினாள். "கூரை விழப் போகுது! பெகாரிஸ்! டேய்!"

ஒரு முகம்கூடத் திரும்பவில்லை.

மறுபடி கத்த வாயெடுத்தபோது அவள் தொண்டையில் ஏதோ பட்டது.

சின்ன விரல்கள். ஜில்லென்று இருந்தன.

நெரிக்கவில்லை. வெறுமனே படிந்திருந்தன. அவள் கத்தினால் அழுத்தின. நிறுத்தினால் காத்திருந்தன.

யாரோ அவள் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். குல்யாந்தா. பால் கறந்த வாளி இன்னும் கையிலேயே இருந்தது.

"கத்தாதே," என்றாள் கிழவி. "அன்னைக்கு நானும் இதே எடத்துல நின்னுதான் கத்தினேன். ராத்திரி காவல் நான்தான். நெருப்புக்குப் பயந்து உள்ளே போகாம, செவிட்டுப் பிள்ளைங்களைப் பாத்துத் தொண்டை கிழியக் கத்தினேன். என்னை மாதிரி ஒரு மூதேவி உண்டா?" வாளியைக் கீழே வைத்தாள். "உள்ளே போ. தொட்டுத்தான் எழுப்பணும்."

உள்ளே போனார்கள். கம்ஷாத் கையில் அகப்பட்டவர்களை எல்லாம் உலுக்கினாள், கிள்ளினாள், முடியைப் பிடித்து இழுத்தாள். தொட்ட ஒவ்வொருவரும் தூக்கத்திலிருந்து விழித்தவர்கள்போல் பேந்தப் பேந்த விழித்துவிட்டு, மேலே பார்த்து, ஓடினார்கள். குல்யாந்தா பெகாரிஸை ஒரு அறை விட்டாள். "போடா, கலைஞரே!" அவன் அழுதுகொண்டே ஓடினான்.

கடைசிப் பெண்ணை இழுத்துக்கொண்டு கம்ஷாத் பனியில் வந்து விழுந்தாள். திரும்பிப் பார்த்தால் கிழவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள், முகம் கூடத்தின் பக்கம்.

"ஆபாய், வாங்க! எல்லாரும் வந்தாச்சு!"

"எங்கே வந்தாச்சு?" என்றாள் குல்யாந்தா. "இன்னும் பதினொண்ணு இருக்கு."

பூட்ஸைக் கழற்றி வாசலில் ஜோடியாக வைத்தாள். அவசரமே இல்லாமல் உள்ளே நடந்தாள். கம்ஷாத் எழுந்து ஓடி வாசற்படியைத் தொட்டபோது ஆடும் கட்டில்களுக்கு நடுவே கிழவி குனிந்து குனிந்து எதையோ தொடுவது தெரிந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

எண்ணி முடிப்பதற்குள் உத்தரம் முறிந்தது.

பக்கத்து ஊர் ஆட்களும் தீயணைப்பு வண்டியும் வர மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் கார்கள் எல்லாம் பறந்துவிட்டன. கம்ஷாத் மட்டும் இருந்தாள். கிழவியைத் தூக்கி எடுத்தபோது உயிர் இல்லை, ஆனால் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. இரண்டு கைகளும் விரிந்திருந்தன, பக்கத்துக்கொரு குழந்தையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடப்பவளைப்போல.

இரண்டாம் நாள் பெகாரிஸ் போனில் ஒரு படம் அனுப்பினான். இடிந்த கூரை, மூலையில் கறுப்பு நாடா, அதன் கீழே அடுத்த ஆட்டத்தின் தேதி. 'இந்த உணர்வைத் தொடர்ந்து கொண்டுபோக வேண்டும்' என்று எழுதியிருந்தான். கம்ஷாத் அவன் எண்ணை அழித்தாள். மிஞ்சிய ஸ்பீக்கர்களைக் கேட்டு ஆள் வந்தபோது கதவைக்கூடத் திறக்காமல், அவற்றை ஏற்றி வந்த வேனின் சாவியைச் சந்து வழியே தள்ளினாள்.

பேச்சையும் குறைத்துக்கொண்டாள். அவள் வாய் திறந்தால் போதும், அந்த ஜில்லிட்ட விரல்கள் தொண்டையில் வந்து படியும். காது கேளாத பிள்ளைகளுக்கு அப்படித்தான் பேசக் கற்றுக்கொடுப்பார்களாம், பேசுகிறவரின் தொண்டையைத் தொட்டுப் பார்க்கவிட்டு. அதை எங்கோ படித்த அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று.

வசந்தத் திருநாளன்று அம்மா போனில் கூப்பிட்டாள். எடுக்காமல் இருக்க முடியவில்லை.

"நல்லா இருக்கியாடி?"

"நல்லா இருக்கேன்மா," என்றாள் கம்ஷாத், மெதுவாக.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

அம்மா அங்கே டி.வி. சத்தத்தைக் குறைத்தாள்.

"ஏண்டி, பக்கத்துல யாரு அது? குழந்தையா? நீ சொல்றதையெல்லாம் திருப்பித் திருப்பிச் சொல்லுதே."

கம்ஷாத் உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். விரல்கள் காத்திருந்தன.

"கொழகொழன்னு பேசுது, பாவம்," என்றாள் அம்மா. "ஆனா இப்போ என்னமோ தெளிவாச் சொல்லுச்சே. 'இன்னும் பேசு'ன்னா?"